தோண்டி உடைந்த பிறகு

பாடல்களில் உவமையும் உருவகமும் எதற்கு என்று யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே பதில்தான் கிடைக்கிறது: கருத்தை அழகாகச் சொல்வதற்கு, அது மனத்தில் எளிதாகப் பதிவதற்கு. இந்தப் பதிலோடு எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை. கருத்து முன்பே முழுமையாக இருக்கிறது, பாடலாசிரியர் அதை ஓர் உறைக்குள் இட்டு ஒட்டி அனுப்புகிறார், கேட்பவர் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொள்கிறார் என்ற எண்ணமே அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அது உண்மையானால், கருத்து கைக்கு வந்தபின் உருவகம் நமக்குத் தேவையற்றதாகிவிட வேண்டும். ஆனால் நடப்பது நேர்மாறு. கருத்து மறந்துபோகிறது, உருவகம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. இதைக் காட்ட நான் எப்போதும் எடுத்துக்கொள்வது கடுவெளிச் சித்தரின் ஒரு பாடலை. ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்த பாடல் அது. அந்த மூன்றில் எது பிழைத்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

மூன்று விதமாகச் சொல்லப்பட்டது

பாடலின் பல்லவி நேரடியானது. 'பாபஞ்செய் யாதிரு மனமே – நாளைக் கோபஞ்செய்தே யமன் கொண்டோடிப் போவான்' என்று அது மனத்தை அழைத்து எச்சரிக்கிறது. இதில் மறைபொருள் எதுவும் இல்லை. சாவு வரும், அதற்குமுன் ஒழுங்காக இரு. கண்ணிகள் பலவும் இதே தொனியில் சூதையும் பொய்யையும் சினத்தையும் விலக்கச் சொல்லிக்கொண்டே போகின்றன. நடுவில் ஒரு கண்ணி உருவகத்துக்கு மாறுகிறது: 'நீர்மேற் குமிழியிக் காயம் – இது நில்லாது போய்விடும் நீயறி மாயம்.' உடல் என்பதும் சொல்லப்பட்டுவிட்டது, குமிழி என்பதும் சொல்லப்பட்டுவிட்டது, இரண்டுக்கும் பொதுவானது நில்லாமை என்ற விளக்கமும் அடுத்த அடியிலேயே வந்துவிட்டது. கேட்பவருக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. அதன் அருகிலேயே மூன்றாவது விதம் வருகிறது:

நந்த வனத்திலோர் ஆண்டி – அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தான்ஒரு தோண்டி – மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி.

உடல், உயிர், இறைவன் என்ற சொற்கள் இதில் எங்குமே இல்லை. சொல்லவந்த பொருளை முற்றிலும் மறைத்து உவமையை மட்டும் கூறி நிறுத்துவதைப் பிறிதுமொழிதல் அணி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆனால் குறளுக்கும் இந்தக் கண்ணிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் பேசும்போது, அது வலியறிதல் என்ற அதிகாரத்துக்குள் வருகிறது. அதிகாரத்தின் பெயரே பூட்டுக்கான திறவுகோலைக் கையில் கொடுத்துவிடுகிறது. சித்தர் பாடலில் அந்த வேலையைப் பல்லவி செய்கிறது. யமனைப் பற்றிய பல்லவி காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது தோண்டி என்பது வெறும் தோண்டியாக இருக்க முடியாது.

ஆனால் வாய்வழி வந்த வழக்கு அந்தக் கண்ணியைப் பல்லவியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டது. பல்லவியை ஒருமுறைகூடக் கேட்டிராதவர்களுக்கும் நந்தவனத்து ஆண்டியைத் தெரியும். குமிழிக் கண்ணியைப் பாடிக் காட்டச் சொன்னால் பலர் விழிப்பார்கள். மூன்றில் மிகத் தெளிவானது மங்கிப்போய், மிக மறைவானது வாழ்கிறது. அழகாகச் சொல்வதற்காகவே அணி என்றால் குமிழியும் அழகுதான். அது ஏன் பின்தங்கியது? இந்தக் கேள்விக்கான விடையை ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமிதான் எனக்குக் காட்டினாள்.

ஒரு சிறுமியின் கேள்வி

என் அண்ணன் மகள் தமிழ்ப் பாடத்துக்காக இந்தக் கண்ணியின் பொருளை எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, ஆண்டி உயிர், குயவன் இறைவன், தோண்டி உடல், நாலும் ஆறும் சேர்ந்த பத்து மாதம் கருவிலிருந்த காலம் என்று வரிசையாக எழுதி, 'மனித உடல் நிலையற்றது என்பதே இப்பாடல் உணர்த்தும் கருத்து' என்று முடித்து அடிக்கோடும் இட்டிருந்தாள். தவறு ஒன்றும் இல்லை. வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கமும் அதுதான். குறிப்பேட்டை மூடி வைத்தவள் என்னைப் பார்த்து, "அத்தை, தோண்டி உடைஞ்சதுக்கு அப்புறம் அந்த ஆண்டி என்ன பண்ணினான்?" என்று கேட்டாள். பாட்டு அதோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றேன். "பாட்டுல இல்லைன்னா என்ன? மறுபடியும் குயவன்கிட்டதான் போயிருப்பான். அவனுக்குத் தோண்டி வேணுமில்ல?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் போன பின்பு நான் வெகுநேரம் அந்தப் பதிலோடு உட்கார்ந்திருந்தேன். அவள் உயிரைப் பற்றியோ இறைவனைப் பற்றியோ பேசவில்லை. ஓர் ஆண்டி, அவனுக்கு ஒரு தோண்டி தேவை, அது உடைந்துவிட்டது, அவன் வேறென்ன செய்வான் என்று மட்டும் யோசித்தாள். ஆனால் அவள் சொன்னதை அவளுடைய குறிப்பேட்டிலிருந்த பட்டியலின் வழியே நடத்திப் பார்த்தால், உயிர் மீண்டும் இறைவனிடம் சென்று மீண்டும் பத்து மாதம் மன்றாடி மீண்டும் ஓர் உடலோடு வருகிறது. மறுபிறவி என்ற பெரிய கருத்தை, அந்தச் சொல்லையே எண்ணிப் பார்க்காமல், ஒரு மண்பாண்டத்தைப் பற்றிய கவலையின் வழியாக அவள் தொட்டுவிட்டாள். அந்தக் கதையில் இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது: உடைந்த ஓடுகளைப் பார்த்த ஆண்டி, இனித் தோண்டியே வேண்டாம் என்று நடந்துபோயிருக்கலாம். பிறவாமையைப் பற்றிச் சித்தர்கள் பாடியதெல்லாம் அந்த ஒரு நடைக்குள் அடங்கிவிடும். கண்ணி இரண்டில் எதையும் சொல்லவில்லை. இரண்டையும் மறுக்கவும் இல்லை.

'உடல் நிலையற்றது' என்ற வாக்கியத்தைக் கேட்டு யாரும் 'அப்புறம்?' என்று கேட்பதில்லை. அது முடிந்துபோன வாக்கியம். ஏற்கலாம், மறுக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. கதைமாந்தர்கள் உள்ள உருவகத்திலோ 'அப்புறம்' என்ற ஒன்று எப்போதும் உண்டு. செய்தியின் ஒரு பகுதி அந்த 'அப்புறத்தில்' இருக்கிறது; அதைக் கேட்பவரே நடந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படித் தானே போய் எடுத்துக்கொண்டதால்தான் அது அவருடையதாகிறது.

அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் தெளிவானது. குறிப்பேட்டில் அடிக்கோடிட்டிருந்த அந்தக் கருத்து உண்மையில் குமிழிக் கண்ணிக்கு உரியது. குமிழியை யாரும் உடைப்பதில்லை. அது தானே உடைகிறது. நில்லாமை அதன் இயல்பு, அதில் எவர்மீதும் பழி இல்லை. தோண்டி அப்படி இல்லை. பதமாகச் சுட்ட தோண்டி பத்திரமாக வைத்திருந்தால் நெடுங்காலம் உழைக்கும். அது உடைந்ததற்குக் காரணம் நிலையாமை அல்ல, ஆண்டியின் கூத்து. அதிலும் அவன் கூத்தாடியது எதனால் என்று நினைத்துப் பார்த்தால் மனம் இளகுகிறது. மாதக்கணக்கில் வேண்டிப் பெற்ற பொருள் கைக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியிலும் அவன் ஆடியிருக்கலாம். பெற்ற மகிழ்ச்சியே பெற்றதை அழித்துவிட்டது. இதைக் கண்டனம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; இரக்கமும் அதில் கலந்திருக்கிறது. ஒரே பாட்டில், உடலைப் பற்றிய இரண்டு உருவகங்கள், இரண்டு வெவ்வேறு செய்திகள். கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறைகளை வீசியவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

காதில் விழுவதும் செய்திதான்

பாடல் என்பது காலத்தில் ஓடிக்கொண்டே இருப்பது. படிப்பவரைப் போலக் கேட்பவர் நின்று, திரும்பிப் பார்த்து, மேல்வரியோடு ஒப்பிட முடியாது. ஆகவே பாட்டில் வரும் உருவகம் கேட்ட கணத்திலேயே ஒரு காட்சியாகக் கண்முன் நிற்க வேண்டும். அதே சமயம் நூறாவது முறை கேட்கும்போதும் தீராமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்வதில் ஓசைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்டி, வேண்டி, தோண்டி என்று அடிதோறும் ஒரே இயைபு வந்து, கடைசியில் 'போட்டுடைத்தாண்டி' என்று முடிகிறது. உடைத்தான் என்ற வினையோடு 'அடி' என்ற விளி சேர்ந்த அந்த முடிவுக்குள் ஆண்டி என்ற ஒலி மறுபடியும் கேட்கிறது. உடைத்தவன் யார் என்பதைக் காது தனியாகச் சொல்லிக்கொள்கிறது. பெற்றுவர ஓர் அடிக்கு மேல் செலவாகிறது, ஆட்டத்துக்குக் 'கூத்தாடிக் கூத்தாடி' என்று இருமுறை, உடைவதற்கு ஒரே சொல். பாடிப் பார்த்தால் இந்த அளவு மூச்சிலேயே தெரியும்.

தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளை 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே' என்று வகுத்தார். செயலால் ஒப்பிடலாம், விளைவால் ஒப்பிடலாம், வடிவால் ஒப்பிடலாம், நிறத்தால் ஒப்பிடலாம். நம் பாடல்களில் மலிந்து கிடக்கும் நிலவு முகமும் மீன் விழியும் பவள இதழும் மெய்யிலும் உருவிலும் நின்றுவிடுபவை. அவற்றை முதன்முதலில் பாடியவர்களிடம் அவை உயிரோடு இருந்திருக்கும். இன்று அவை தெரிவிப்பது, இங்கே ஒரு பெண் புகழப்படுகிறாள் என்ற தகவலை மட்டுமே. எந்தப் பெண், புகழ்பவன் எப்படிப்பட்டவன், அவனுக்கு அவளிடம் என்ன வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒப்பீட்டால் ஒரு துளியும் விளங்குவதில்லை. வினையால் அமைந்த உருவகங்களே பாட்டில் அதிகம் தாக்குப்பிடிக்கின்றன என்பது என் எண்ணம். பாட்டு ஓடுகிறது; ஓடுகிற ஒன்றோடு சேர்ந்து போவதற்கு நடக்கிற, உடைகிற, எரிகிற உருவகம்தான் பொருத்தம்.

எரிகிற உருவகம் என்றதும் பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்' நினைவுக்கு வராமல் இருக்காது. விடுதலையை நேரடியாகவே முழங்கத் தெரிந்தவர் அவர். இந்தச் சிறு பாட்டில் மட்டும் அந்த நெருப்பு என்ன, அந்தக் காடு எது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதில் என்னை எப்போதும் நிறுத்துவது அந்தப் பொந்து. நெருப்பைக் குஞ்சு என்று சொன்ன பிறகு அதை அவர் தரையிலோ சருகின் மேலோ போடவில்லை. பறவை குஞ்சு வளர்க்கும் இடத்தில் வைக்கிறார். வீசினேன், எறிந்தேன், மூட்டினேன் என்று எத்தனையோ வினைகள் இருக்க, 'வைத்தேன்' என்ற மிக மெதுவான வினையைத் தேர்ந்துகொள்கிறார். கூட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு குஞ்சை எடுத்து மறுபடியும் கூட்டில் வைக்கும் கையின் பரிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. அடுத்த அடி: 'வெந்து தணிந்தது காடு.' குஞ்சு வளர்ந்ததையோ சிறகு முளைத்ததையோ காற்று வீசியதையோ பற்றி எதுவும் இல்லை. வைத்ததற்கும் தணிந்ததற்கும் இடையே உள்ள அந்த வெற்றிடத்தில்தான் பாட்டின் செய்தி முழுவதும் இருக்கிறது. அதைக் கேட்பவர்தான் எரித்தாக வேண்டும். விடுதலை வேட்கை என்று ஒருவர் எரிப்பார், அறிவு என்று ஒருவர், பக்தி என்று மற்றொருவர். 'தழல் வீரத்திற் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?' என்ற கேள்விக்குப் பின் வரும் 'தத்தரிகிட' என்ற சொற்கட்டு இதில் எதையும் விளக்குவதில்லை. நெருப்பின் கூத்தை அது ஓசையாகவே நிகழ்த்திவிடுகிறது.

சொல்ல முடியாததைச் சொல்லும்போது

உருவகம் பாடுபவருக்குப் பாதுகாப்பாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. சங்க அகப்பாடல்களின் உள்ளுறை உவமத்தில், தோழி எருமையைப் பற்றியும் தாமரையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பாள். அருகில் நிற்கும் தலைவனுக்கு அது தன்னைப் பற்றிய பேச்சு என்பது விளங்கும். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களில் எகிப்தும் பார்வோனும் மோசேயும் வந்துகொண்டே இருப்பதும் இத்தகையதே. ஆண்டைகளின் காதில் அது வேதாகமக் கதை. பாடுபவர்களுக்குத் தங்கள் கழுத்திலிருக்கும் விலங்கின் கதை. அடிமைகள் பலரைத் தப்பவைத்து அழைத்துச் சென்ற ஹேரியட் டப்மனை மோசே என்றே அழைத்தார்கள் என்பதிலிருந்து, அந்த உருவகம் எவ்வளவு தூரம் பாட்டை விட்டு வெளியே வந்து நடமாடியது என்பது தெரிகிறது.

ஆனால் மறைப்பதற்காக அன்றி, முகத்தைத் திருப்பிக்கொள்ள விடாமல் பிடித்து நிறுத்துவதற்காகவும் உருவகம் பயன்படும் என்பதை நான் ஒரு பாட்டிலிருந்து தெரிந்துகொண்டேன். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ஏபெல் மீரோபோல், கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் கும்பல் கொலையின் புகைப்படம் ஒன்றைப் பார்த்த துயரத்தில் எழுதி, 1937ஆம் ஆண்டு ஆசிரியர் சங்க இதழில் கவிதையாக வெளியிட்ட வரிகள், பின்னர் 'விசித்திரமான கனி' என்று பொருள்படும் தலைப்பில் பாட்டாயின. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939இல் அதைப் பாடினார். அவருடைய வழக்கமான இசைத்தட்டு நிறுவனம் பதிவுசெய்யத் தயங்கியதால் வேறொரு சிறு நிறுவனத்தில் அது பதிவானது. தென்மாநிலத்து மரங்களில் ஒரு விசித்திரமான கனி காய்க்கிறது என்று அந்தப் பாட்டு தொடங்குகிறது. கனி என்பது தொங்கும் உடல்கள் என்பதை அது வெகுசீக்கிரமே சொல்லிவிடுகிறது. புதிர் எதுவும் போடவில்லை. சொன்ன பிறகும் உருவகத்தை விடுவதில்லை என்பதுதான் அதன் கொடூரமான நேர்மை. காகம் கொத்துவதும் மழையில் நனைவதும் வெயிலில் அழுகுவதும் மரத்திலிருந்து உதிர்வதும் என்று ஒரு கனிக்கு நேரக்கூடியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில் அது விளைச்சல் என்ற சொல்லில் வந்து முடிகிறது. அந்த ஒரு சொல்தான் பாட்டின் குற்றச்சாட்டு. காட்டு மரத்தில் தானாய்க் கனி பழுக்கலாம். விளைச்சல் தானாய் வராது. விதைத்தவர்கள், நீர் பாய்ச்சியவர்கள், வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் பாட்டு பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. கொலை கொடியது என்ற வாக்கியத்துக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விடக்கூடிய ஒருவர், இது எவர் வயலில் விளைந்தது என்ற கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

எதை வேண்டுமானாலும் சொல்லலாமா

கேட்பவரே செய்தியை எடுத்துக்கொள்கிறார் என்றால், யார் எந்தப் பொருளைச் சொன்னாலும் ஏற்க வேண்டுமா என்று இதைப் பேசும்போதெல்லாம் எவராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் பதில், வினைச்சொற்கள் அதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்பதே. அக்கினிக் குஞ்சை ஒருவர் அழிவுக்காக வருந்தும் பாட்டாகப் படிக்க விரும்பினால், 'தத்தரிகிட' அவரைத் தடுத்துவிடும். காட்டுக்காக அழுகிறவர் சொற்கட்டுப் போட்டு ஆடுவதில்லை. அது தன்னைத்தானே எரிக்கும் சினம் என்று ஒருவர் சொன்னால், நெருப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வேறோர் இடத்தில், அதுவும் அவ்வளவு பரிவோடு வைத்த அந்தக் கையை அவர் விளக்கியாக வேண்டும். தோண்டி மட்டமான மண்ணால் ஆனது, குற்றம் குயவனுடையது என்று வாதிடுபவர் 'மெத்தக் கூத்தாடி' என்பதைக் கடந்து போக முடியாது. ஆனால் ஆண்டி மறுபடியும் குயவனிடம் போயிருப்பான் என்று ஒரு சிறுமி சொல்லும்போது, பாட்டின் எந்தச் சொல்லும் அவளை மறுக்கவில்லை. மாறாக, முன்னம் ஒருமுறை நாலாறு மாதம் நின்று வேண்டியவன் அவன் என்பதால், 'வேண்டி' என்ற சொல்லே அவள் பக்கம் நிற்கிறது.

அதனால் வினாத்தாளில் 'இப்பாடல் உணர்த்தும் கருத்து யாது?' என்று கேட்பதை நிறுத்திவிடலாம் என்றே நான் உண்மையாக விரும்புகிறேன். அந்தக் கேள்விக்கு எல்லா மாணவர்களும் ஒரே விடையை எழுதுகிறார்கள்; அது பாட்டைக் கேளாமலேயே எழுதக்கூடிய விடை. அதற்குப் பதிலாக, குமிழிக் கண்ணியையும் தோண்டிக் கண்ணியையும் அருகருகே அச்சிட்டு, உடைந்ததற்கு யார் காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லலாம். குஞ்சைப் பொந்தில் வைத்ததற்கும் காடு தணிந்ததற்கும் நடுவே நடந்ததைப் பத்து வரிகளில் எழுதுக என்று கேட்கலாம். விடைகள் வேறுவேறாக வரும், திருத்துவதற்கு நேரம் பிடிக்கும், ஒவ்வொன்றையும் பாட்டின் வினைச்சொற்களோடு வைத்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டியிருக்கும். ஆசிரியர்கள் அந்தப் பாட்டை மறுபடியும் படிக்க வேண்டி வரும்.